வார்சீனா நண்டு

“யாரு இபு இந்த வார்சீனா?”

கேட்டவன் ஹெந்தார்த்தோ. ஆராய்ச்சிக் கப்பலில் மீன்களை வகை பிரிப்பது அவன் வேலை. நண்டுகளை வகை பிரிப்பது ரெத்னோவதியின் வேலை. வயதில் மூத்தவள் என்பதால் அவளை ‘இபு’, அதாவது அம்மா, என்றுதான் அவன் கூப்பிடுவான். ஜாவாவின் சிலச்சாப் துறைமுகத்தில் கப்பல் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில், இருவரும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

“பார்க்கத்தானே போறோம்,” என்றாள் ரெத்னோவதி. மடியில் இருந்த கண்ணாடிப் புட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

புட்டிக்குள் சாராயத்தில் ஊறிக் கிடந்தது ஒரு நண்டு. போன பயணத்தில், ஜாவாவுக்குத் தெற்கே ஆழ்கடலில் வீசிய இழுவலையில் சேற்றோடு சேறாக வந்தவற்றில் ஒன்று. சல்லடையில் கழுவியபோது, தெரிந்த வகைதான் என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். ரெத்னோவதி மட்டும் அதன் நெற்றி முட்களையும் இடுக்கியில் இருந்த மெல்லிய ரோமத்தையும் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை. கரை திரும்பிய பிறகு, எந்தெந்த நாட்டு அருங்காட்சியகத்தில் என்னென்ன நண்டு இருக்கிறதோ அத்தனையோடும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அதுவரை உலகத்தில் யாரும் பெயர் வைக்காத நண்டு அது.

பெயர் வைக்கும் உரிமை அவளுக்கு. ஆராய்ச்சி நிலைய இயக்குநர், தன் பெயரைத்தான் அவள் வைப்பாள் என்று எதிர்பார்த்து, அவளைத் தேநீருக்குக் கூப்பிட்டு நண்டைப் பற்றி அன்பாக விசாரித்தார். அடுத்த பயணத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியவர் அவர்தான். ரெத்னோவதி தேநீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கட்டுரையில் ‘வார்சீனா’ என்று எழுதி வைத்தாள்.

“அச்சாயிட்டா மாத்த முடியாது இபு,” என்றான் ஹெந்தார்த்தோ. “நாளைக்கே அவங்களோட சண்டை வந்தாலும் பேரு பேருதான்.”

“சண்டையெல்லாம் வராது.”

“உங்க டீச்சரா?”

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். சொந்தக்காரியா, சின்ன வயதில் வளர்த்தவளா என்று அவன் வரிசையாகக் கேட்டுப் பார்த்தான். எதுவும் இல்லை. “அவ இல்லன்னா நான் கப்பலே ஏறியிருக்க மாட்டேன். அது போதாதா?” என்று சொல்லிவிட்டு, ரிக்‌ஷாக்காரருக்கு வழி காட்ட ஆரம்பித்தாள். பிறந்து வளர்ந்த ஊர். சந்து பொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரு பலகாரக் கடை முன் ரிக்‌ஷா நின்றது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி டெம்பே என்னும் சோயா வில்லைகளை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளின் கை அப்படியே நின்றது. உள்ளே மின்விசிறியைக் கழற்றிப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்த அவள் கணவரும் எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிடம் அவரைக் காணோம்.

“ரெத்னோ அக்கா…” என்றாள் அவள். சட்டியில் டெம்பே கருகியது.

தங்கள் கப்பல் சீருடையைப் பார்த்து மிரண்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, ஹெந்தார்த்தோ அடுப்பை அணைத்தான்.

ரெத்னோவதி பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக விஷயத்தைச் சொன்னாள். இது புது நண்டு, இதற்கு வார்சீனாவின் பெயர், எந்த நாட்டில் யார் இதைப் பற்றி எழுதினாலும் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும், நாம் எல்லோரும் போன பிறகும் அது இருக்கும் என்று சொன்னாள்.

வார்சீனா உட்காரவே இல்லை. “கிள்ளுற நண்டுக்கு என் பேரா? ஊரே பாத்துச் சிரிக்கணும்னு வெக்கிறீங்களா அக்கா?”

ஹெந்தார்த்தோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது பெரிய மரியாதை என்றும், இதற்காகப் பெரிய பெரிய ஆட்களே ஏங்குகிறார்கள் என்றும் அவன் அவசரமாக விளக்கினான். ரெத்னோவதி புட்டியை வார்சீனாவின் கையில் வைத்தாள்.

வார்சீனா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். “அழகா இருக்கு. இதை முந்தி யாருமே பாத்ததில்லையா?”

“வலையில வந்திருக்கலாம். புதுசுன்னு யாரும் பாக்கல. நான் பாத்தேன், அதுவும் உன்னாலதான்.” எண்ணெய் படிந்த அந்தக் கையைப் புட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள் ரெத்னோவதி. “இத்தனை வருஷமா உனக்கு நன்றி சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீ சரின்னு சொன்னாத்தான் இது அச்சுக்குப் போகும்.”

“மனசாரத்தான் சொல்றீங்களா?”

“மனசாரத்தான்.”

வார்சீனாவின் கண்கள் நிறைந்துவிட்டன. தலையை மட்டும் அசைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்து, புதிதாகப் பொரித்து இருவருக்கும் வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். ரெத்னோவதி ரசித்துச் சாப்பிட்டாள்.

ஹெந்தார்த்தோவின் மனசும் இளகிவிட்டது. நகையை விற்றுப் படிக்க வைத்திருப்பாளோ, உயிரைக் காப்பாற்றியிருப்பாளோ என்றெல்லாம் யோசித்தவன், கடைசியில் வாய்விட்டே கேட்டான்.

“எங்க இபுவுக்கு அப்படி என்ன உதவி செஞ்சீங்க?”

வார்சீனா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொன்னது ரெத்னோவதி.

“ஊர்ல தலைகாட்ட முடியாமதான் நான் ஜகார்த்தாவுக்குப் படிக்கக் கிளம்பினேன்,” என்றாள் சிரித்துக்கொண்டே. “என் நிக்காஹ் அன்னைக்குக் காலையில, என் மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஓடிப்போனவ இவதான்.”