பின்வரிசைக்காரர்களின் இசைத்தட்டு

பாட்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு வின்ஸ் உள்ளே வந்தான்.

வின்ஸ் கார்லைல். 1980-ஆம் வருடத்து இங்கிலாந்தில் அந்தப் பாடகன் பெயரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் முதுகைப் பார்த்தபடியே ஒன்பது வருடம் வாசித்தவர்கள் நாங்கள். எங்கள் பெயர்தான் ஒருவருக்கும் தெரியாது.

போன கோடையில் அவனை விட்டு விலகினோம். பெரிய சண்டை ஒன்றுமில்லை, புளித்துவிட்டது. கிதாரையும் டிரம்ஸையும் விற்று சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டியும் தாள மெஷினும் வாங்கினோம். ஷெஃபீல்டில் மூடிக்கிடந்த கத்திப் பட்டறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சத்தம் வெளியே போகாமலிருக்க சுவரெல்லாம் பழைய கம்பளி அடித்தோம். இனிமேல் மெஷின்தான், வின்ஸெல்லாம் பழங்கதை என்று பீர் குடிக்கும்போதெல்லாம் பேசிக்கொண்டோம்.

அன்று இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் எங்கள் பாட்டைக் கேட்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் எங்கள் இசைத்தட்டு வெளிவரும். இல்லையென்றால் எங்கள் டிரம்ஸ்காரன் க்ளைவ் பழையபடி பஸ் ஓட்டப் போகவேண்டியதுதான். எனக்கு அந்தப் பிழைப்பும் தெரியாது.

வின்ஸ் அவர் காரிலேயே வந்திருக்கிறான். இத்தனை நேரம் கீழே நின்று சிகரெட் பிடித்தானாம்.

யாரும் டேப்பை நிறுத்தவில்லை. அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

வின்ஸ் ஒரு வரியையும் நேரத்துக்கு எடுத்ததில்லை. ஒரு மூச்சு தாமதமாகத்தான் இழுப்பான். பெண்கள் அதற்குத்தான் மயங்கி விழுந்தார்கள். நாங்கள் அவனுக்காகக் காத்திருந்து காத்திருந்து, அதுவே எங்கள் கைப்பழக்கமாகிவிட்டது.

தாள மெஷின் யாருக்காகவும் காத்திருக்காது. க்ளைவ் அதனோடு மல்லுக்கட்டி, வரிக்கு வரி அதைக் காத்திருக்க வைத்தான். யாருக்காக என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

இப்போது வின்ஸின் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு வரியும் அவன் வாயில் பொருத்தமாகப் போய் விழுந்தது.

பாட்டு முடிந்தது.

"பிரமாதம்டா பசங்களா! ட்ராக் பாடினது யாரு? என்னை மாதிரியே இழுக்கிறானே!"

கிண்டல் செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அது பெரிய பாடகன் வந்து பாடும்வரை இடம்பிடித்து வைக்கும் ட்ராக் இல்லை. அதுதான் பாட்டு. தொண்டை கட்டக் கட்ட நான் பாடி முடித்த பாட்டு.

கம்பெனிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வின்ஸைப் பார்த்தார், பிறகு க்ளைவைப் பார்த்தார். நானும் க்ளைவைத்தான் பார்த்தேன். சொல்லுடா, பாடினவன் இதோ நிற்கிறான் என்று சொல்லித் தொலையேன்டா.

க்ளைவ் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ வர்ற வரைக்கும் சும்மா இருக்கட்டும்னு போட்டு வச்சோம், வின்ஸ்," என்றான்.

வின்ஸ் கோட்டைக் கழற்றி என் நாற்காலியில் போட்டான்.

பாடும் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் என் உயரத்தில் நின்றது. அதை அவன் உயரத்துக்கு ஏற்றி வைத்தது நான்தான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.