குழிக்குள் படுத்த கேலிக்காரன்

வெட்டி முடித்த குழிக்குள் குதித்து மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

"இது எனக்கு வெட்டுன எடம்! அந்த வெங்காயந்தின்னிய வேற எங்கயாச்சும் கொண்டுபோய் வைங்க!"

மேலே துக்கத்துக்கு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

சிரித்துத்தான் ஆக வேண்டும். நாங்கள் போசோக்கள், ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள். அவர்கள் டோகோன்கள், வெங்காயமும் கம்பும் விளைவிக்கிறவர்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எங்களுக்குள் கேலி முறை. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் நாங்கள் போய்க் கூத்தடிக்க வேண்டும். நாங்கள் எதைச் சொன்னாலும் அது கேலி, யாரும் கோபிக்கக் கூடாது. எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது. ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தர் சிந்தினால் மட்டும் மன்னிப்பே கிடையாது.

இந்த வேலையில் கராபெந்தாவை அடித்துக்கொள்ள ஆற்றின் இரண்டு கரையிலும் ஆள் இல்லை. என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்?

"செத்தவனுக்கு இப்ப என்ன அவசரம்? உசுரோட இருந்தப்ப ஒருநாளாவது சந்தைக்கு நேரத்துக்குப் போயிருக்கானா?"

மறுபடியும் சிரிப்பு. இமாம்கூடத் தாடியைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார்.

அம்பேரே மட்டும் சிரிக்கவில்லை.

செத்துப்போன ஒகோபாராவின் ஒரே மகன். இருபது வயது. வேப்பமரத்தடியில் அவனுடைய மோட்டார் சைக்கிள் பெட்ரோல் நிரப்பித் தயாராக நின்றது. காட்டிலிருக்கும் துப்பாக்கிக்காரர்கள் விடிவதற்குள் ஆள் அனுப்பிவிட்டார்கள். உன் அப்பனைக் கொன்றவர்களைப் பழிவாங்க வா, உனக்கொரு துப்பாக்கி எடுத்து வைத்திருக்கிறோம் என்று. அடக்கம் முடிந்த கையோடு அவன் கிளம்புகிறான் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப் போனவன் எவனும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

அவன் அம்மா எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். "அண்ணே, நீ கேட்டா அவனால மறுக்க முடியாது. எம் பிள்ளைய நிறுத்திக் குடு."

நிறுத்திவிடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள்மேல் வெளிநாட்டுப் பட்டாளத்தின் விமானம் குண்டு போட்டது. வழிப்பறிக்குப் பயந்து கூட்டமாக வந்தார்கள். புழுதிக்குப் பயந்து முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காட்டுக்காரர்கள் வருவதும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். ஒகோபாராவோடு சேர்த்து ஐந்து பேர் போய்விட்டார்கள். பட்டாளத்துக்கு யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறான்.

அந்த எண் எல்லோரிடமும் உண்டு. பட்டாளத்துக்காரர்கள் துண்டுச்சீட்டில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்ததுதான். போன அறுவடையின்போது காட்டுக்காரர்கள் ஊரைக் கொளுத்த வந்தார்களே, அன்றைக்கும் யாரோ போன் போட்டான். அன்றைக்கும் விமானம் வந்தது. இங்கே நிற்கிற அத்தனை பேரும் உயிரோடு நிற்பது அதனால்தான். போன் போட்ட மகராசன் யாராக இருந்தாலும் அவனுக்கு ஒரு ஆடு தருகிறேன் என்று ஒகோபாரா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வாங்கிக்கொள்ள யாரும் போகவில்லை. காட்டுக்காரர்கள் காதுக்கு எட்டினால் தலை மிஞ்சாது.

"மாப்ள, நான் எந்திரிக்கணும்னா உன் வண்டிச் சாவியக் குடு."

சிரிப்பு நின்றது.

"வேற ஏதாச்சும் கேளு மாமா."

"வேற ஒண்ணும் வேணாம். வண்டிய ஆத்துக்குள்ள ஓட்டி மீன் புடிக்கப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒகோபாரா குழியோரம் பாயில் கிடந்தான். அம்பேரே விளிம்புக்கு வந்து என்னைக் குனிந்து பார்த்தான். ராத்திரி முழுக்க அழுத கண்.

"சாவி என்ன பெரிய சாவி. போன் போட்டவன் யாருன்னு சொல்லு, தர்றேன். அவன் ஒருத்தனக் கழுத்தறுத்துட்டு வீட்டுலயே கெடக்கேன். காடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"நான்தான்" என்றேன்.

யாரோ ஒருவன் பொத்துக்கொண்டு சிரித்தான். அவ்வளவுதான், இடுகாடே சிரித்தது.

"இவன் போன் போட்டா மீன் வெலதானய்யா கேப்பான்!"

"நெசமாத்தான்டா" என்றேன். படுத்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். "படகுலேர்ந்து பாத்தேன். பன்னெண்டு வண்டி. ஒருத்தன் மூஞ்சியும் தெரியல. போன தடவ வந்தவனுங்கதான்னு நெனச்சுட்டேன். நம்ம ஊரு பொழைக்கட்டும்னுதான் அன்னைக்கும் போட்டேன், நேத்தும் போட்டேன்."

சிரிப்பு இன்னும் கூடியது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டான். கராபெந்தா இந்தத் தடவை எல்லாரையும் மிஞ்சிவிட்டான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

சொன்னதில் ஒரு எழுத்துகூடக் கேலி இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தியமாக நான் பேசியதே இல்லை.

அம்பேரேவும் சிரித்தான். நேற்றிலிருந்து முதல் தடவையாக, கண்ணீர் வழிய வழியச் சிரித்தான். இடுப்பிலிருந்து சாவியை உருவி என் மடியில் போட்டான்.

"உன்னால மட்டுந்தான் மாமா இப்படிச் சொல்ல முடியும்."

மூன்றாவது முறையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் மண்டியிட்டு, குழிக்குள் கையை நீட்டிவிட்டான்.

"எந்திரி மாமா. அப்பாவ எறக்கணும்."

அந்தக் கையைப் பிடித்துத்தான் மேலே ஏறினேன்.