முதல் ஞாயிறு வட்டி

"எங்கப்பா எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் காட்டுங்கக்கா."

கடன் கொடுத்த சந்திரம்மாவிடம் அதை மட்டும் கேட்கவே கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். தன் பி.காம். படிப்புக்கு வாங்கிய கடனாயிற்றே என்று மமதாவும் ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு பொம்மனஹள்ளி ஹாஸ்டலிலிருந்து நீலசந்திராவிலிருக்கும் அப்பா வீட்டுக்கு வந்து, வட்டியை அவர் கையில் வைத்துவிட்டு உட்காராமலே திரும்பிவிடுவாள். மணியார்டர் அனுப்பினால் வாங்கமாட்டேன் என்பார்.

"நான் தர்ற வட்டிக் காசுல அப்பா குடிக்கிறாரா? உள்ளதைச் சொல்லுங்க."

சந்திரம்மா சிரித்தாள். "புரோநோட்டைக் கிழிச்சுப் போட்டு ரெண்டு வருஷமாச்சு கண்ணு. அசலும் வட்டியும் சுத்தமா தீர்த்துட்டாரு."

"அப்போ நான் கொடுக்கிறது?"

"உன் பேர்ல என்கிட்ட சீட்டு கட்டறாரு. ஒரு பைசா தொடல."

"அப்புறம் எதுக்கு இந்தப் பொய்?" மமதா கத்தினாள்.

"உங்கம்மா போனப்புறம் அந்த வீட்டுக்கு வேற யாரு வர்றா? கடன் தீர்ந்துச்சுன்னா நீயும் வரமாட்டேன்னு பயம் மனுஷனுக்கு."

வரமாட்டாள்தான் என்பது மமதாவுக்கே தெரியும்.

"அசல் இன்னும் நிறைய பாக்கின்னே சொல்லட்டும்க்கா. நான் வந்து கேட்டது அவருக்குத் தெரியவே கூடாது" என்று எழுந்தவள், இந்த மாத வட்டியோடு அப்பா வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.