பலமான பயோடேட்டா

“கணவர் பேருன்னு ஒரு வரி வருதுங்க டாக்டர். என்ன போடட்டும்?”

“அந்த வரியே வேண்டாம், எடுத்துடுங்க” என்றார் பாத்திமா மேரி.

ராஜராஜன் அதற்குமேல் கேட்கவில்லை. துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் ஆள் போய்க்கொண்டே இருக்கிற திருத்துறைப்பூண்டியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர். யார் வீட்டில் என்ன தகராறோ என்று கண்டும் காணாமல் இருக்கப் பழகியிருந்தார்.

“‘சவாலான பணியைத் தேடும் துடிப்பான இளைஞன்’னு மேல ஒரு வரி இருக்குங்க. கிரேன் ஆபரேட்டருக்கு அடிச்சது. எல்லாருக்கும் அதையேதான் போடறோம்.”

“எனக்கு நாப்பத்தெட்டு வயசுங்க.”

“அப்ப ‘இளைஞன்’கறதை மட்டும் எடுத்துடறேன்.”

மீதியை டாக்டர் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். எம்.டி. பேத்தாலஜி. பதினெட்டு வருஷ அனுபவம், அதில் கடைசி ஒன்பது வருஷம் மஸ்கட் ஆஸ்பத்திரியில். மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ஸ்லைடு லட்சத்துக்கு மேல்.

“நல்லா பலமா இருக்கட்டும். பார்த்ததும் முதலாளியே நேர்ல கூப்பிடணும்.”

“எத்தனை லேபுக்கு அனுப்பறீங்க? காப்பி எடுக்கணுமே.”

“ஒண்ணே ஒண்ணு போதும். பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கே, அந்த லேபுக்கு மட்டுந்தான்.”

மூன்றாம் நாளே அழைப்பு வந்தது. ஏ.சி. அறையில் லேப் முதலாளி தியாகராசன் பயோடேட்டாவை முன்னும் பின்னும் புரட்டினார். பத்து வருஷத்துக்கு முன்பு உரக்கடை வைத்திருந்தவர். இப்போது முத்துப்பேட்டை வரை ஐந்து கிளைகள்.

“மஸ்கட்ல இருந்தவங்க நம்ம ஊருக்கு வந்து கேக்கறது பெருமைதாங்க. ஆனா எங்ககிட்ட ஏற்கெனவே பெரிய டாக்டர் ஒருத்தர் இருக்காரே!”

“அஞ்சு கிளைக்கும் ஒருத்தரேவா?”

“ஒருத்தரேதான். எல்லா ஸ்லைடையும் அவரே பார்த்து, அவரே கையெழுத்துப் போடுவார். லீவே எடுக்க மாட்டார். சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை. முகம் கோணி ஒரு வார்த்தை பேசினதில்லைன்னா பாத்துக்குங்க!”

“இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரா!” என்ற டாக்டர், கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். “எங்க பக்கத்து வீட்டு அம்சத்துக்கு நீங்க குடுத்த ரிப்போர்ட். மார்புல இருக்கறது சாதாக் கட்டி, பயப்பட ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கு.”

“அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“ஸ்லைடை வாங்கிட்டு வரச் சொல்லி நானே பார்த்தேன். புத்துநோய். நேத்துதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சேத்தோம். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா கை மீறியிருக்கும்.”

தியாகராசனின் சிரிப்பு பாதியில் நின்றது. கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தினார்.

“இதப் பாருங்கம்மா, வேலை இல்லைன்னதும் பழி போடாதீங்க. டாக்டர் குழந்தைராஜ் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை இந்த ஜில்லாவுல யாரும் குத்தம் சொன்னதில்லை. அதோ, உள் ரூம்ல மைக்ரோஸ்கோப்ல கண்ணை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அவர் வெளியில வந்தாருன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்.”

மூடியிருந்த அந்தக் கதவின் பக்கம் பாத்திமா மேரி திரும்பினார். கையில் வைத்திருந்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“கொஞ்சம் வரச் சொல்லுங்க சார், என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணி மூணு வருஷம் ஆச்சு.”