இடிகல்லும் மாத்திரை டப்பாவும்

சிங்கராயர் இருந்தவரை இடிகல்லுக்குக் காலையில் ஓய்வே கிடையாது. மனைவி ரெஜினாளின் பலவீனமான இதயத்துக்கு, டாக்டர் தந்த மாத்திரையோடு மருதம்பட்டைக் கஷாயமும் வேண்டுமென்று பட்டையை இடித்துக்கொண்டே இருப்பார்.

"இடிச்சது போதும், வாங்க" என்று மாத்திரையைக் கையில் எடுத்தபடி அவள் உள்ளிருந்து கூப்பிடுவாள்.

அவர் காலமான பிறகு இடிகல் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. பக்கத்திலிருந்த மாத்திரை டப்பாவையும் ரெஜினாள் தொடவில்லை.

"உன் பட்டை இல்லாட்டி என்ன? நான்தான் மருந்து" என்றது டப்பா.

"வாஸ்தவம்தான் தம்பி. அந்தம்மாவை முழுங்க வை, பார்ப்போம்" என்றது இடிகல்.

டப்பா மூடியபடியே கிடந்தது.

ஒரு காலையில் ரெஜினாள் இடிகல்லை எடுத்துத் துடைத்தாள். பட்டை எப்போதோ தீர்ந்திருந்தது. வெறும் கல்லிலேயே மெல்ல இடித்தாள். பழைய சத்தம் அப்படியே எழுந்தது.

"இடிச்சது போதும், வாங்க" என்றபடி டப்பாவைத் திறந்தாள்.