விக்கலில் வந்த பேர்

சின்னப்பொண்ணுவுக்கு விக்கல் வந்தால் யார் பேரைச் சொன்னாலும் நிற்காது. "எவங்கதான் உன்ன இப்படி நெனச்சிக்கினு இருக்காங்களோ" என்று அலுத்துக்கொண்டே மகள் அபிநயா தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள்.

அபிநயா கொஞ்ச நாளாக அம்மாவின் தாத்தா பேரைத் தேடிக்கொண்டிருந்தாள். பர்மா சண்டையில் செத்துப்போனவர். அவர் மனைவி கடைசிவரை புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவர் வெறும் பட்டாளத்தார். அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் பொறித்திருந்த பட்டாள நம்பரை வைத்து, சண்டையில் செத்தவர்கள் பட்டியலில் தேடி, இன்றைக்குத்தான் பேரைக் கண்டுபிடித்தாள்.

கச்சிராயபாளையத்தில் பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா விக்கிக்கொண்டிருந்தாள். கரும்பு வெட்டுக்குப் போன அப்பாவில் தொடங்கி, சங்கராபுரத்துச் சித்திவரை எல்லார் பேரையும் சொல்லிப் பார்த்துவிட்டாளாம்.

"பொன்னுரங்கம்" என்றாள் அபிநயா.

விக்கல் நின்றது.

"யாருடி அது?"

"பட்டாளத்தாரும்மா. உன் தாத்தா."

சின்னப்பொண்ணு கையிலிருந்த செம்பைத் தண்ணீர் குடிக்காமலே கீழே வைத்தாள். அப்போது ஃபோன் அடித்தது. தியாகதுருகத்திலிருந்து அவளுடைய அக்கா. அவளுக்கும் சின்ன வயசிலிருந்து இதே விக்கல்தான்.

"இன்னிக்கு தண்ணி குடிக்காமலே நின்னுபோச்சுடி" என்றாள் அக்கா. "ஒரு பேரு தானா வாயில வந்துச்சு. யாருடி அது, பொன்னுரங்கம்?"