பேரனுக்கு ஓர் இடம்

பெண் பார்க்க வந்தவர்கள் மகிழினியைப் பார்க்கவே இல்லை. அவளுடைய அப்பா கதிரேசனைத்தான் பார்த்தார்கள்.

சென்னை நிரம்பிவிட்டது. இனி ஒரு குழந்தை பிறக்க வேண்டுமென்றால், அந்தக் குடும்பத்தில் ஒருவர் நகரத்தைவிட்டு ஒரேயடியாக வெளியேற வேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவர் பெண்ணைப் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அதைச் சம்பந்திகளே சேர்த்துக்கொண்டார்கள். நாகரிகம் வளர்ந்துவிட்டதாம், வரதட்சணையெல்லாம் இப்போது யாரும் கேட்பதில்லையாம்.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க சம்பந்தி," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா சுபாஷினி.

கதிரேசன் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"சமைக்கத் தெரியுமா? அங்க தனியா இருக்க முடியலைன்னு நீங்க திரும்பி வந்துட்டா, எங்க பேரனுக்கு அனுமதி ரத்தாயிடும்."

"ரசம் நல்லா வைப்பேங்க," என்று தலைகுனிந்தபடி சொன்னார்.

மாப்பிள்ளை திருப்தியாகக் கேசரியை வழித்துச் சாப்பிட்டான்.

மகிழினி காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தை, உங்களுக்கும் கால் நல்லாத்தானே இருக்கு? எழுந்து கொஞ்சம் நடந்து காட்டுங்க. வாசல் வரைக்கும்."